மரிக்கொழுந்தில் ஒரு வெர்மூத்

இந்த மாசியில் அறுத்த மரிக்கொழுந்தில் போட்ட வெர்மூத் (மூலிகை ஊறிய ஒயின்) சரியாக வந்துவிட்டது. ஐஸ் போட்டுத் தனியாகக் குடித்தாலும் நன்றாக இருக்கிறது, நெக்ரோனி காக்டெயிலில் கலந்தாலும் காணாமல் போவதில்லை. கோயம்புத்தூரில் வீட்டில் இருந்தபடியே கசப்பும் இனிப்புமான காக்டெயில் கலக்க ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். இது வடிப்பதும் இல்லை, புளிக்கவைப்பதும் இல்லை. கடையில் வாங்கிய ஒயினிலும் பிராந்தியிலும் இலை, நாரத்தங்காய்த் தோல், மசாலா ஊறவைத்துச் சர்க்கரை சேர்ப்பது, அவ்வளவுதான்.

நெக்ரோனிக்கு வேண்டியது ஜின், காம்பாரி என்ற கசப்பான சிவப்பு இத்தாலிய மதுபானம், இனிப்பு வெர்மூத். மூன்றும் சம அளவு, 30 மில்லி வீதம். 1919 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரில் நெக்ரோனி என்ற பிரபு, தான் வழக்கமாகக் குடிக்கும் அமெரிக்கானோவில் (காம்பாரி, வெர்மூத், சோடா) சோடாவுக்குப் பதிலாக ஜின் ஊற்றச் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஜின் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். காம்பாரி பாட்டிலை மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஏர்போர்ட்டில் வாங்கி வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஆளுக்கு 2 லிட்டர்தான் வரி கட்டாமல் கொண்டுவரலாம். அதில் பாதி மாமாவின் ஸ்காட்ச்சுக்குப் போய்விடும் என்பதால் வெர்மூத்தும் வேண்டும் என்று கேட்க மனம் வரவில்லை. கேட்டு வாங்கினாலும் சேர்த்துவைக்கிற பொருள் இல்லை அது. அடிப்படையில் ஒயின். மூடியைத் திறந்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஓரிரு மாதத்தில் மணம் செத்து, புளிப்பு ஏறிவிடும். அதனால் வேண்டும்போது கொஞ்சமாக நாமே போட்டுக்கொள்வதுதான் வழி என்று ஆனது.

வெர்மூத் 1786இல் டூரின் நகரில் கார்ப்பானோ என்பவர் விற்க ஆரம்பித்து ஊர் உலகமெல்லாம் பரவிய சரக்கு. இன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் முக்கால் பங்காவது ஒயின் இருக்க வேண்டும். ஆல்கஹால் 14.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 22ஐத் தொடக் கூடாது. இனிப்பு வகை என்றால் லிட்டருக்கு 130 கிராம் சர்க்கரையாவது வேண்டும். ஆர்ட்டிமீசியா இனச் செடி ஏதாவது ஒன்று கட்டாயம் சேர வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்தபோதுதான் எனக்கு வழி திறந்தது. பூக்கடையில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் நம் மரிக்கொழுந்து, ஆர்ட்டிமீசியா பாலென்ஸ். அதே இனம்.

முதலில் பூ மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கி வந்தேன். அம்மா அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, பூவுல வெச்சுக் கட்டறதப் போயிக் குடிக்கறதுல போடுவியா? மருந்து கிருந்து அடிச்சிருப்பாங்கல்ல?” என்றார். சரியான கேள்வி. தலையில் வைக்க விளைவித்ததற்கும் வாயில் வைக்க விளைவித்ததற்கும் வித்தியாசம் உண்டு. மாலைக்குப் போகிற பயிரில் எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று யாரைக் கேட்பது? அந்தக் கட்டு சாமி படத்துக்குப் போனது. மாடியில் தொட்டியில் நாமே வளர்ப்பது என்று முடிவானது.

மரிக்கொழுந்து பனிக்காலப் பயிர். கார்த்திகையில் விதைத்தால் மாசியில் கைக்கு வரும். விதை பொடிப் பொடியாக இருக்கும், பழைய விதை முளைக்காது. விதையை ஈரத் துணியில் இரண்டு நாள் கட்டிவைத்து, மணலோடு கலந்து தூவினேன். மேலே மண் மூடத் தேவையில்லை, பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சமமாகக் கலந்த தொட்டி மண். நாற்று நான்கு விரல் உயரம் வந்ததும் பிரித்து நட்டேன். வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழைகளில் ஒரு தொட்டி முழுக்க வேர் அழுகிப் போனது. மீதித் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி, அடித் துளையை அகலமாக்கிய பிறகு பிழைத்துக்கொண்டன. மொட்டு மஞ்சளாகத் திரளும்போது மணம் உச்சத்தில் இருக்கும். அப்போது பூவும் இலையுமாக அறுத்து, நிழலில் துணி மேல் பரப்பி ஒரு வாரம் காயவைத்தேன். பச்சையாகப் போட்டால் புல் வாடை வருகிறது. காய்ந்ததில் அது போய், பழுத்த பழ வாசனை ஒன்று மேலே வருகிறது.

செடி வளர்ந்துகொண்டிருந்த மாதங்களில் மற்ற சாமான்களோடு மல்லுக்கட்டினேன். வெர்மூத் கசக்க வேண்டும் என்று நினைத்து முதலில் கையில் எடுத்தது நிலவேம்பு. காய்ச்சல் காலத்தில் வீடு வீடாகக் கஷாயம் கொடுப்பார்களே, அதேதான். ஒரு கிராமை 50 மில்லி பிராந்தியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, அரை டீஸ்பூன் ஒயினில் விட்டுப் பார்த்தேன். நாக்கின் அடியில் போய் உட்கார்ந்த கசப்பு ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தக் கசப்புக்கு மணமும் இல்லை, தொடர்ந்து வருகிற இனிப்பும் இல்லை. அடுத்து நினைத்தது சிங்கோனா பட்டை. வால்பாறைக்கு மேலே அந்த மரத்தின் பெயரிலேயே ஒரு எஸ்டேட் ஊர் இருக்கிறது. மலேரியாவுக்கான கொய்னா மருந்துக்காக வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கமே இந்த மலைகளில் அதைப் பயிர் செய்தது. ஆனால் பட்டையில் கொய்னா எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. அளவு மீறினால் காது இரைச்சல், தலைசுற்றல் என்று போகும். அதைத் தொடவே இல்லை. நீங்களும் தொடாதீர்கள்.

அப்புறம்தான் உறைத்தது: நெக்ரோனியில் கசப்புக்கென்றே காம்பாரி இருக்கிறது. 1860இல் இருந்து அது செய்துவரும் வேலை அதுதான். வெர்மூத்தின் வேலை வேறு. ஜின்னுக்கும் காம்பாரிக்கும் நடுவே நின்று, இனிப்பும் மசாலா மணமும் கொஞ்சம் கனமும் கொடுக்க வேண்டும். கசப்பு ஓர் ஓரமாக இருந்தால் போதும். அதற்கு நாரத்தங்காய்த் தோலே தாராளம். இது புரிந்த பிறகு வேலை பாதியாகக் குறைந்தது.

ஒயினிலும் ஒரு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. கடை வெர்மூத் சிவப்பாக இருப்பதால் சிவப்பு ஒயினில் போட்டேன். ஒயினின் துவர்ப்பும் நாரத்தைத் தோலின் கசப்பும் சேர்ந்து வாயை இழுத்துப் பிடித்தன, எவ்வளவு சர்க்கரை போட்டும் அந்தத் துவர்ப்பு விடவில்லை. இத்தாலிக்காரர்கள் சிவப்பு வெர்மூத்தையும் பெரும்பாலும் வெள்ளை ஒயினில்தான் போடுகிறார்கள். நிறம், கருக்கிய சர்க்கரையில் இருந்து வருகிறது. நாசிக் பக்கத்து வெள்ளை ஒயின், லேபிளில் 12.5 சதவீதம், இனிப்பில்லாத வகை, அதற்கு மாறியதும் எல்லாம் வாய்க்குள் இடம் பார்த்து உட்கார்ந்தன.

இனி அளவுகள். ஒயின் 750 மில்லி, ஒரு முழு பாட்டில். பிராந்தி ஒரு குவார்ட்டர், 180 மில்லி, 42.8 சதவீதம். திராட்சையில் வடித்தது என்று லேபிளில் இருப்பதைப் பார்த்து வாங்கினேன். அதை மூன்று ஜாடியாகப் பிரித்தேன். முதல் ஜாடியில் 70 மில்லி பிராந்தியும் காய்ந்த மரிக்கொழுந்து 3 கிராமும். இரண்டாவதில் 70 மில்லியும் நிழலில் காய்ந்த நாரத்தங்காய்த் தோல் 8 கிராமும். தோலின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை முக்கால்வாசி சீவிவிட்டுக் கால்வாசி விட்டுவைத்தேன், நமக்கு வேண்டிய கசப்பு அதில்தான். மூன்றாவதில் 40 மில்லியும் மசாலாவும்: விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு 2, ஏலக்காய் 3, அன்னாசிப்பூவில் ஒரே ஓர் இதழ், அரை டீஸ்பூன் கொத்தமல்லி விதை, நகக்கண் அளவு ஜாதிபத்திரி. ஜாதிபத்திரி பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளைந்தது. புதுசாக இருந்ததால் அந்தத் துளியே போதுமாக இருந்தது.

மூன்றையும் ஒரே ஜாடியில் போட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஊறும் நேரம் வேறு. மரிக்கொழுந்து 18 மணி நேரத்தில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறது. நான்கு நாள் விட்ட ஜாடியில் பழ வாசனைக்கு மேல் தழை வாடை ஏறி, பிராந்தி கரும்பச்சையாகிவிட்டது. மசாலாவுக்கு இரண்டு நாள். நாரத்தைத் தோலுக்கு ஐந்து நாள். வடிகட்டப் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக்கொண்டேன். கடைசியாகக் காபி ஃபில்டர் பேப்பரில் ஒருமுறை விட்டால் தெளிவு வரும், ஆனால் சொட்டுச் சொட்டாக இறங்க ஒரு சாயங்காலம் முழுக்க வேண்டும்.

சர்க்கரை 140 கிராம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் செய்ய வேண்டும் என்றுதான் ஆசை. அது சீராகக் கருகுவதில்லை. ஒரு பக்கம் தீய்ந்து போக, மறுபக்கம் நுரைத்துக்கொண்டு நிற்கிறது, ஒயினிலும் கலங்கல் விடுகிறது. அதனால் வெள்ளைச் சர்க்கரை. அதில் 60 கிராமை அடிகனமான ஸ்டீல் பாத்திரத்தில் தண்ணீர் விடாமல் சிறு தீயில் உருக்கி, கருப்பட்டிக் காபி நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகு 40 மில்லி வெந்நீரை ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சீறிக்கொண்டு மேலே தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளக் கரண்டியால் கலக்குங்கள். பிராந்தி ஜாடிகள் அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. மீதி 80 கிராமை ஒயினில் நேராகக் கரைத்துவிடலாம், சூடு வேண்டாம்.

கலக்கும்போது மசாலா ஊறலும் நாரத்தை ஊறலும் முழுசாகப் போயின. மரிக்கொழுந்து ஊறலை 5 மில்லி, 5 மில்லியாக விட்டு ருசி பார்த்து, 40 மில்லியில் நிறுத்திக்கொண்டேன். மீதியை ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருக்கிறேன், சோடாவில் சில சொட்டு விட்டுக் குடிக்க அருமையாக இருக்கிறது. கணக்குப் போட்டால் மொத்தம் ஒரு லிட்டர், ஆல்கஹால் ஏறக்குறைய 15 சதவீதம், சர்க்கரை லிட்டருக்கு 140 கிராமுக்குப் பக்கம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் அசையாமல் வைத்தபோது அடியில் மெல்லிய மண்டி இறங்கியது. மேலே இருந்ததை மட்டும் சாய்த்து ஊற்றிக்கொண்டேன். செலவு, ஒயினும் பிராந்தியும் சேர்த்துச் சுமார் 1,200 ரூபாய். மற்றதெல்லாம் அஞ்சறைப் பெட்டியிலும் மாடியிலும் இருந்தவை.

இவ்வளவு பார்த்துப் போட்டதை அளக்காமல் ஊற்றினால் வீண். முதலில் மருந்துக்கடையில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு வாங்கி அளந்தேன். அளவு துல்லியம்தான், ஆனால் ஒரு கிளாஸுக்கு ஒன்பது தடவை உறிஞ்ச வேண்டும், விருந்தாளி வந்தால் தாங்காது. ஜிக்கர், அதாவது மது அளக்கும் சின்ன இருபக்கக் கிண்ணம், ஒன்று வேண்டும் என்று கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். பம்பு ஷாஃப்ட் கடைகிற அண்ணன், “ஏனுங் தம்பி, ரெண்டு பக்கமும் வாய் வெச்ச டம்ளரா? இதென்னத்துக்குங்க?” என்று கேட்டார். சொன்னதும், வேலையை நிறுத்திவிட்டுப் பேப்பரும் பேனாவும் எடுத்தார்.

304 ஸ்டீல், ஒன்றரை இஞ்ச் ராடு, அதாவது 38 மில்லிமீட்டர். உள்விட்டம் 35 என்றால் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் நிற்கும். அந்த விட்டத்துக்கு 31.2 மில்லிமீட்டர் ஆழம் 30 மில்லி பிடிக்கும், மறுபக்கம் 15.6 ஆழம் 15 மில்லி. நடுவில் தளம் 2 மில்லிமீட்டர். ஆக மொத்த உயரம் 48.8. டிரில் போட்ட கூம்புக் குழி அடியில் நின்றால் அளவு தப்பும் என்பதால் போரிங் டூலால் தளத்தைத் தட்டையாக்கினார். வாய் விளிம்பை உள்பக்கமாக மட்டும் லேசாகச் சாய்த்துவிட்டார். அதனால் ஊற்றும்போது சொட்டு வெளிச்சுவரில் வழியாமல் நேராக இறங்குகிறது. கடைசியில் எமரி பேப்பர் பிடித்து அவர் மெருகு ஏற்றியபோது பட்டறைப் பையன்களும் வந்து சுற்றி நின்றார்கள். நகைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், விளிம்புவரை 29.9 கிராம். மறுபக்கம் 15.0. கூலி 400 ரூபாய். கடை ஜிக்கர்களில் விளிம்பா கோடா எது அளவு என்று தெரியாத குழப்பம் இதில் இல்லை.

ஐஸ் அடுத்தது. ஃப்ரிட்ஜ் டிரேயில் உறைந்த வெள்ளைக் கட்டி சீக்கிரம் உடைந்து கரைந்து, கிளாஸைத் தண்ணீராக்கிவிடும். ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டியில் சிறுவாணித் தண்ணீர் நிரப்பி, மூடியில்லாமல் ஃப்ரீசரில் வைத்தேன். பக்கங்களும் அடியும் குளிரைத் தடுப்பதால் மேலிருந்து கீழாக மட்டும் உறைகிறது. காற்றுக் குமிழ்கள் அடித் தண்ணீருக்குத் தள்ளப்படுகின்றன. சுமார் 20 மணி நேரத்தில், அடியில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே எடுத்துவிட்டால் மேல்கட்டி கண்ணாடி போலத் தெளிவு. ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, ரொட்டிக் கத்தியால் கோடு கீறி, கத்தி முதுகில் பூரிக் கட்டையால் தட்டினால் நேராகப் பிளக்கும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த உடனே தட்டினால் சிதறும்.

இப்போது கிளாஸுக்கு வருவோம். ஸ்டீல் சொம்பில் ஜின், காம்பாரி, வெர்மூத் 30 வீதம் ஊற்றி, ஐஸ் நிறையப் போட்டு 30 விநாடி கலக்கு. ஷேக் செய்ய வேண்டாம், எலுமிச்சைச் சாறு சேராத காக்டெயிலைக் கலக்கினால் போதும். 90 மில்லியாக உள்ளே போனது வெளியே வரும்போது 110ஐத் தாண்டும். இந்த 20 சொச்சம் தண்ணீர் சேரவில்லை என்றால் காம்பாரியின் கசப்பு முரட்டுத்தனமாக நிற்கும். பெரிய ஐஸ் கட்டி மேல் வடித்துவிட்டு, நாரத்தங்காய்த் தோல் ஒரு துண்டை வெளிப்புறம் கிளாஸைப் பார்த்திருக்கும்படி பிடித்து மடித்து நசுக்க வேண்டும். எண்ணெய் பூந்தூறலாகத் தெறித்து, சிவப்பின் மேல் ஒரு மினுமினுப்பு படரும். கமலா ஆரஞ்சிலும் செய்து பார்த்தேன். அதன் தோல் மெலிசு, மணம் நாரத்தைக்கு எட்டவில்லை. முதல் வாயில் நாரத்தை, அப்புறம் காம்பாரியின் கசப்பு. அது இறங்கும்போது மூக்கின் பின்புறமாக மரிக்கொழுந்து எழுந்து வருகிறது. அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

மதிய வெயிலில் அமெரிக்கானோ போதும்: காம்பாரி 30, வெர்மூத் 30, மேலே சோடா. புதியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதுதான். ஜின்னுக்குப் பதிலாகக் கறுப்பு ரம் ஊற்றினால் கிங்ஸ்டன் நெக்ரோனி, நியூயார்க்கில் இந்த நூற்றாண்டில் பிறந்தது. அங்கே ஜமைக்கா ரம் ஊற்றுவார்கள். நம் ஊர்க் கறுப்பு ரம்மில் வெனிலா மணம் கூடுதல் என்பதால், ரம்மை 30இல் வைத்து வெர்மூத்தை 25ஆகக் குறைத்தேன், சரியாக இருந்தது. ஜின்னுக்குப் பதிலாகப் போர்பன் (அமெரிக்க மக்காச்சோள விஸ்கி) 45, மற்ற இரண்டும் 30 என்றால் பூல்வார்டியே. அது மார்கழிக் குளிருக்கு.

வீட்டில் எல்லோரும் இரண்டாவது தடவை கேட்டது ஜங்கிள் பேர்ட். 1970களில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலில் கலக்க ஆரம்பித்தது. கறுப்பு ரம் 45, காம்பாரி 20, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15. வெர்மூத்தில் இடம் கிடைக்காத கவுந்தப்பாடிச் சர்க்கரைக்கு இங்கே இடம் கிடைத்தது. சம எடை வெந்நீரில் கரைத்து வடிகட்டிய பாகு, அன்னாசியின் புளிப்பையும் காம்பாரியின் கசப்பையும் ஒன்றாகக் கட்டிப்பிடிக்கிறது. இதை மட்டும் ஐஸோடு மூடி நன்றாகக் குலுக்க வேண்டும். பாட்டிலில் அடைத்த அன்னாசிச் சாறு வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கும், நுரையும் நிற்காது. பழத்தை மிக்ஸியில் அடித்துப் பிழிந்தால் மேலே ஒரு விரல் நுரை நிற்கும்.

அடுத்த கார்த்திகையில் தொட்டிகளை மூன்று மடங்காக்கப் போகிறேன், மரிக்கொழுந்து காய்ந்தால் கையளவுதான் தேறுகிறது. சர்க்கரையை 130 கிராமாகக் குறைத்து, கருக்கும் பங்கை 70 ஆக்க வேண்டும். நெக்ரோனிக்கு இப்போதைய இனிப்பு சரி, அமெரிக்கானோவில் சோடா சேர்ந்த பிறகும் இனிப்பு ஒரு படி மேலே நிற்கிறது. வெர்மூத்தை ஒரே பெரிய பாட்டிலில் வைத்ததில், காலியாகும் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டு ஆறாவது வாரத்தில் மணம் இறங்க ஆரம்பித்தது. இனி 180 மில்லி பாட்டில்களிலேயே கழுத்துவரை நிரப்பி மூடி, ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். காலி குவார்ட்டர் பாட்டில்களை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.